அப்பாவின் அணிவகுப்பு

“உங்கப்பாவுக்கு மூளை குழம்பிப் போச்சும்மா. சாயந்திரமானா தெருவுல மார்ச் பண்றாரு. முட்டி மடங்காம, காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, டப்பு டப்புன்னு! தெருவே சிரிப்பாச் சிரிக்குது.”

மருந்துக்கடைக்காரர் போனில் சொன்னதும் மகளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கிடைத்த பஸ்ஸில் ஏறிவிட்டாள். அம்மாவைத் தன்னோடு அழைத்துக்கொண்டு வந்துவிடுவது என்று வழியிலேயே முடிவு கட்டினாள்.

அப்பா ராணுவ அணிவகுப்பில் முதல் வரிசைக்காரர். பெரிய தலைவர் வந்தாலும் அந்த விறைப்பு நடைதான், அந்தத் தலைவர் செத்தாலும் அதே நடைதான். ஓய்வு பெற்ற பிறகும் கெத்துக்குக் குறைச்சலில்லை. பெண்டாட்டியோடு ஒட்டி நடந்தால் மரியாதை என்னாவது? எப்போதும் பத்தடி முன்னால் போவார். அம்மா பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போவாள்.

“ஒரே ஒரு நாள், உங்கப்பா பக்கத்துல நடந்து, பாலம் வரைக்கும் போய் ஆத்தைப் பாத்துட்டு வரணும்டி.”

அம்மாவின் ஆசை அவ்வளவுதான். அதிலும் மண் விழுந்தது. போன வருஷம் மாடிப்படியில் விழுந்ததில் முட்டிக்குக் கம்பி வைத்தார்கள். கால் பிழைத்தது, மடங்கத்தான் இல்லை. மறுபடி கடைக்குப் போன முதல் நாளே தெரு முழுக்க அந்தக் காலையே பார்த்தது. யாரோ “ஐயோ பாவம்” என்றார்கள். அன்றைக்கு வீட்டுக்குள் போனவள்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

“வெளியே போனியாம்மா?” என்று மகள் போனில் கேட்பாள்.

“நாளைக்குப் போறேண்டி.”

அந்த நாளைக்கு மட்டும் வரவேயில்லை. கொஞ்ச நாளாக மகள் கேட்பதையே விட்டுவிட்டாள். அந்தப் பதிலைக் கேட்கும் தெம்பு அவளுக்கு இல்லை.

பஸ்ஸை விட்டு இறங்கும்போது சாயந்திரமாகிவிட்டது. பையை மருந்துக்கடையில் வைத்தாள்.

“அதோ, கண்ணால பாத்துக்கோ,” என்று தெருக்கோடியைக் காட்டினார் கடைக்காரர்.

அப்பாதான். பளபளக்கும் பூட்ஸ், நிமிர்ந்த நெஞ்சு. கால் விறைப்பாக மேலே எழும்பி, டப்பென்று இறங்கியது. வாசலில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒருவன் வேண்டுமென்றே சல்யூட் அடித்தான். அப்பா சிரிக்காமல் பதில் சல்யூட் வைத்தார்.

மகளுக்கு மானம் போயிற்று. ஓடினாள்.

“அப்பா! நிறுத்துங்கப்பா! எல்லாரும் உங்களையே பாக்கறாங்க!”

“பாக்கறாங்கல்ல? நல்லா பாக்கட்டும்,” என்றார் அப்பா, காலை இன்னும் கொஞ்சம் உயர்த்தி.

“எப்படி வந்தே? சாப்பிட்டியாடி?”

குரல் அப்பாவின் தோளுக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

அம்மா! அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மடங்காத காலை விறைப்பாக வீசி வைத்து, அவரோடு சேர்ந்து நடந்துகொண்டிருந்தாள். இவ்வளவு தூரம் ஓடி வந்தும் பெற்ற மகளின் கண்ணிலேயே அவள் படவில்லை.

“நம்ம அணியில யார் முட்டியும் மடங்கக் கூடாதாம். ஆர்டர் போட்டிருக்காரு,” அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “இன்னிக்குப் பாலம் வரைக்கும் போறோம்டி!”

“அணிவகுப்புல பேசக் கூடாது,” என்று அதட்டினார் அப்பா. ஆனால் ஓரடிகூட முன்னால் போகவில்லை.

அவர்கள் பாலத்துப் பக்கம் திரும்பும்வரை மகள் அங்கேயே நின்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை எடுக்க வந்தாள்.

“நல்ல டாக்டரா பாத்து அப்பாவைக் காட்டும்மா,” என்றார் மருந்துக்கடைக்காரர். “அது கிடக்கட்டும், அம்மா எப்படி இருக்காங்க? வீட்டுக்குள்ளயே முடங்கிட்டாங்களே, பாவம். தெருப்பக்கமே காணோமே!”