குளிப்பாட்டும்போது வரும் வீக்கம்

“இவதான் புள்ளயக் கீழ போட்டிருக்கா டாக்டர். கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறா” என்றாள் என் மாமியார் நீலம்மா, நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே.

ஹுப்ளியில் இது மூன்றாவது டாக்டர். மூன்று இடத்திலும் இதே பாட்டு. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சின்மய் என் தோளில் நிமிர்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். தலையில் வீக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. முன்பு பார்த்தவர்களும் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றுதான் அனுப்பினார்கள்.

ஆனால் அத்தை தினமும் கால்நீட்டிப் போட்டுக் குளிப்பாட்டும்போது மட்டும் அந்தப் பாழாய்ப்போன வீக்கம் உச்சந்தலையில் எலுமிச்சை அளவுக்குக் கிளம்பிவிடும். உடனே தெருவுக்கே கேட்கும்படி ஆரம்பிப்பாள்.

“சோள ரொட்டி தட்டறப்போ இருக்கற பிடி, புள்ளயத் தூக்கறப்போ எங்கடி போச்சு?”

என் கணவர் மகாந்தேஷ் அப்போதெல்லாம் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொள்வார். இப்போதும் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தார். எனக்காக ஒரு வார்த்தை பேசினால் நாக்கு அழுகியா போய்விடும்?

டாக்டர் வனமாலா எழுந்து வந்தார். தரையில் ஒரு துணியை விரித்தார்.

“வீட்ல குளிப்பாட்டற மாதிரியே உக்காந்து காட்டுங்கம்மா.”

அத்தை கால்களை நீட்டி, அவனைக் குப்புறப் போட்டாள். தலை தாழ்ந்ததும் வீறிட்டான். வீக்கம் கிளம்பியது.

“ஐயோ பசவண்ணா! பாத்தீங்களா, நான் சொல்லல?” அத்தைக்குப் பெருமை வேறு.

டாக்டர் அவனைத் தூக்கி நிமிர்த்தினார். அழுகை நின்றது. வீக்கம் அமுங்கிப்போனது. பக்கத்து அறைக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்துவிட்டு வந்தார்.

“மண்டைக்குள்ள இருக்கற ரத்தக்குழாய்லேர்ந்து ஒரு கிளை எலும்பு வழியா வெளிய வந்திருக்கு. தலை தாழ்ந்தா, அழுதா, அதுல ரத்தம் நெறஞ்சு உப்புது. ரொம்ப அபூர்வம். இவனுக்கு ஆபத்து இல்ல, அடிபடாமப் பாத்துக்கிட்டாப் போதும். பொறக்கும்போதே இருந்தது. யாரும் கீழ போட்டு வந்ததில்ல.”

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. அத்தையை நேருக்கு நேர் பார்த்தேன். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடத்தான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் என் கணவர் “அப்பாடா” என்று பெருமூச்சு விட்டார். கண்கூடக் கலங்கியிருந்தது.

“அப்போ, அன்னிக்கு என் கையிலேர்ந்து நழுவி விழுந்தானே, அதனால வந்ததில்லையே டாக்டர்?”