வழுக்குகிற படகு

"மொகத்துல இன்னாடி வீக்கம்?" என்று கேட்டார் இறால் கம்பெனி முதலாளி உம்மு ஹானி.

"படகுல வழுக்கி வுழுந்துட்டேன் பாயம்மா," என்றாள் இறால் உரிக்கும் தேசம்மா. இந்த மாதத்தில் மூன்றாவது முறை.

"அப்டியா? சர்தான், போய் உக்காரு."

நம்பிவிட்டார் என்று தேசம்மாவுக்கு நிம்மதி.

மத்தியானம் அவள் புருஷன் பூபதி கூடை நிறைய இறாலோடு வந்தான். உம்மு ஹானி தராசைத் தொடவே இல்லை.

"உன் இறால் வேணாம்பா."

"ஏன் பாயம்மா? இப்பப் புடிச்சது!"

"உன் படகு ரொம்ப வழுக்குதாமே? இனிமே தேசம்மா என் வூட்லதான் இருப்பா. வழுக்கறது நிக்கட்டும், அப்பால வாங்கிக்கறேன்."

பூபதி முறைத்துக்கொண்டே வெளியேறினான். ஏரிக்கரையில் கூப்பிடு தூரத்திலேயே வரிசையாக இன்னும் நாலு கம்பெனி. கூடையோடு ஒவ்வொன்றாக ஏறி இறங்கினான். உரித்த இறால் கையிலேயே நிற்க, தேசம்மா வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நாலு வாசலிலும் ஒரே கேள்வி.

"உன் படகு வழுக்குதாமே?"