மூன்று மாடிக்கும் ஒரு மாமா

மாமா அந்த வீட்டுக்கு வந்து இருபத்திரண்டு நாட்கள் ஆகியிருந்தன. சாப்பாடு கேட்கமாட்டார், படுக்கக் கட்டிலும் கேட்கமாட்டார். ஆனாலும் அதற்குள் இரண்டு தடவை சுந்தரத்தைப் பொலிஸ் ஜீப்பில் ஏறவிடாமல் காப்பாற்றிவிட்டார்.

"கீழ் வீட்டுக்கு வந்திட்டினம்," என்றான் சுந்தரம், ஜன்னலோரமாக நின்று. விடிந்தும் விடியாத வெள்ளவத்தை ஒழுங்கையில் ஜீப் நின்றது. "மாமா நேரா நிக்கிறாரோ எண்டு பாரும்."

அவன் மனைவி யோகமலர் எட்டி, சுவரில் தொங்கிய படத்தைச் சரிசெய்தாள். கையை எடுத்ததும் அது மறுபடி இடப்பக்கம் சரிந்தது. காக்கிச் சீருடையும் நெஞ்சு நிறையப் பதக்கமுமாக, சரிந்தபடியே மாமா அவளை முறைத்தார்.

யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு பைகளோடு வந்தவர்கள் அவர்கள். அந்த வீட்டில் தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்தால் மேசை. தெமட்டகொடை ரயில் யார்டில் கழித்துவிட்ட பலகை புத்தகத் தட்டு. அதன் போல்ட் ஓட்டைகளில் யோகமலர் பென்சில்களைச் செருகிவைத்திருந்தாள். யாரோ உடுத்துக் கழித்த சேலை ஜன்னலில் ஆடியது. புதிதாக வாங்கியது உப்பும் சீனியும்தான்.

மாமாவும் அப்படி வந்தவர்தான். முகம் பார்க்கும் கண்ணாடி பதிக்க ஒரு பிரேம் தேடி, ஸாலிஹ் நானாவின் பழைய சாமான் கடைக்குப் போனபோது கிடைத்தார்.

"தேக்கு, தங்கச்சி," என்றார் ஸாலிஹ். "புருஷன் வேலைக்குப் போன நேரம் பாத்து ஒரு பொம்புள வித்துட்டுப் போனா. மாமனார் மொறச்சிக்கிட்டே இருக்காராம். வூட்டுல நிம்மதியா ஒரு டீ குடிக்க ஏலாதாம்."

படத்தைக் கழற்றி எறிவதாகத்தான் இருந்தாள். ஆனால் மறுநாளே சோதனைக்கு வந்த பொலிஸ்காரர்கள் அதைக் கண்டு விறைத்து நின்றார்கள். "அபே மாமா," என்று, 'எங்கள் மாமா'வுக்கான சிங்களம் அவள் வாயில் தானாக வந்துவிட்டது.

அதற்கு முந்திய சோதனையில், அடையாள அட்டையும் பொலிஸ் பதிவும் சரியாக இருந்தும் இரண்டு இரவு ஸ்டேசனின் சீமெந்துத் தரையில் கிடந்துவிட்டு வந்தவன் சுந்தரம். மாமாவைக் கண்ட அன்று அவனை யாரும் தொடவில்லை. அடுத்த தடவையும் தொடவில்லை. கண்ணாடி வாங்கும் எண்ணத்தை அவள் விட்டுவிட்டாள்.

கதவு தட்டப்பட்டது.

இன்று வந்தவர் ஒரு புதிய சார்ஜன்ட். பெரிய மீசை. நேரே படத்தின் முன்னால் போய் நின்றவர் அசையவே இல்லை.

"மே கவுத?" இது யார் என்று சிங்களத்தில் கேட்டார்.

"அபே மாமா," என்றாள். பொலிஸில் இருந்தவர், தங்கமான மனிதர், காலமாகிவிட்டார் என்று தெரிந்த சிங்களத்தில் சொல்லி முடித்தாள்.

"மாமாவைக் கண்டோடன மீசை தொங்கிப் போச்சு," என்று சுந்தரம் தமிழில் முணுமுணுத்தான். சார்ஜன்டின் மீசை லேசாக மேலே போனது. ஒன்றும் கேட்காமல் அட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எதிர் வீட்டைத் தட்டப் போனார்.

உடனே பின் பல்கனியில் ஒரு கிசுகிசுப்பு.

"அக்கா! மாமாவ சீக்கிரம் அனுப்புங்க! எம்மவன் வீட்டுலதான் இருக்கான்!"

மூன்றாம் மாடி ராக்கம்மா. ரொட்டி விற்க வரும் பாண்காரனுக்கு அவள் இறக்கும் கூடை கயிற்றில் வந்துகொண்டிருந்தது.

"முதல்ல செபஸ்தியன் அண்ணைக்கு. அங்கையிருந்து அவங்கள் வெளிக்கிட்டவுடன மேல இழுங்கோ."

இரண்டாம் மாடி பல்கனியிலிருந்து செபஸ்தியன் கையை நீட்டினார். "எங்கட சுவரில அந்தோனியார் இருக்கிறார். பரவாயில்ல, கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்றன்."

பாண் துகள்களுக்கு மேல் குப்புறப் படுத்து, மாமா ஆடி ஆடி மேலே போனார்.

தலைக்கு மேல் சப்பாத்துச் சத்தம் கேட்டது. பிறகு அதற்கும் மேல். பிறகு ஒன்றுமில்லை. பிறகு அதே சப்பாத்து படியிறங்கி வந்து, அவர்களுடைய வாசலில் நின்றது.

யோகமலர் சுவரைப் பார்த்தாள். ஆணி மட்டும் இருந்தது. போன தடவை பிடித்துக்கொண்டு போனபோது இடுப்பில் கட்டிய சாரத்தோடு போனவன் சுந்தரம். இந்த முறை காற்சட்டையைத் தேடினான்.

சார்ஜன்ட் தனியாக உள்ளே வந்தார். அவருடைய கக்கத்தில் மாமா. மாமாவின் மூக்கில் ஒரு பாண் துகள்.

"அது... சேர்..." தெரிந்த சிங்களம் எல்லாம் அவளுக்கு மறந்துபோயிற்று.

அவர் துகளைச் சுண்டிவிட்டார். படத்தை ஆணியில் மாட்டினார். அது வழக்கம்போல் இடப்பக்கம் சரிந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து நெருப்புப் பெட்டியை எடுத்து, ஒரு குச்சியைப் பாதியாக ஒடித்து, பார்க்காமலே பிரேமின் கீழ்மூலைக்குப் பின்னால் செருகினார். இருபத்திரண்டு நாளில் முதல் தடவையாக மாமா நேராக நின்றார்.

வாசல்வரை போனவர் திரும்பி, நல்ல தமிழில் சொன்னார்:

"எங்கட அப்பாவுக்கு வெள்ளவத்தையில இத்தன மருமக்கள் இருக்கிறது அம்மாவுக்கு இன்னும் தெரியாது, தங்கச்சி."