இறகு வரை

அம்பு வரவில்லை.

இரு கைகளாலும் இழுத்துப் பார்த்தாள். நேற்று மாலை எய்த கடைசி அம்பு அது. இலக்கைத் தவறி, பின்னால் நிறுத்தியிருந்த ப்ளைவுட் தடுப்பில் இறகு வரை புதைந்திருந்தது.

"முக்கால் அங்குலப் பலகை, மேடம். யானை முட்டுனாலும் அசையாது" என்பார் மைதானச் செயலாளர் சற்குணம்.

மூங்கில் வில்லின் காலத்தில் எழுப்பிய தடுப்பு. அவளுடையது சக்கரங்கள் பொருத்திய, பல மடங்கு விசையுள்ள வில்.

பலகை அசையவில்லைதான்.

பின்னாலிருந்து இழுக்கலாம் என்று சுற்றி நடந்தாள். பனி கலையவில்லை. ஈரப் புல்லில் அவள் காலடி அவளுக்கே கேட்கவில்லை.

தடுப்பை ஒட்டி ஒரு வீட்டின் கொல்லை.

பலகையிலிருந்து கரிய தண்டு ஒரு முழம் நீண்டிருந்தது. அதில் கைக்குழந்தையின் மஞ்சள் சட்டை ஒன்று தொங்கியது. உறங்குபவரின் மூச்சைப்போல, மெல்ல ஆடியது.

இடுப்பில் குழந்தையுடன் ஒருத்தி துணி பிழிந்துகொண்டிருந்தாள்.

"நீங்க அடிச்ச ஆணியாக்கா? நேத்து மத்தியானம்கூட இல்லையே. இன்னும் ரெண்டு அடிச்சுக் குடுங்க, புண்ணியமாப் போகும்."

சிரித்தபடி அருகில் வந்தாள். அம்பின் முனையும் குழந்தையின் நெற்றியும் ஒரே உயரத்தில் இருந்தன.

அவள் சட்டையை எடுத்துத் தாயின் கையில் கொடுத்தாள். தண்டைப் பற்றி இழுத்தாள்.

இப்பக்கமாக எளிதில் வந்தது.

பழக்கத்தால் அம்பைக் காதருகே வைத்து வளைத்தாள். உள்ளே விரிசல் இருந்தால் முனகும்.

முனகவில்லை. அம்புக்கு ஒரு காயமும் இல்லை.

அவள் மைதானத்துக்குத் திரும்பியபோது, எய்யும் கோட்டில் எட்டுப் பேர் அம்பு பூட்டிக் காத்திருந்தார்கள். இன்று விசில் அவளது முறை.

ஒரு முறை ஊதினால் எய்யலாம். விடாமல் ஐந்து முறை ஊதினால் ஆபத்து. விற்கள் இறங்க வேண்டும். காரணம் விசாரித்து முடியும் வரை மைதானம் பூட்டியிருக்கும்.

அடுத்த ஞாயிறு மாநில அணித் தேர்வு. ஊரில் வேறு மைதானம் இல்லை.

பனிக்குள், தடுப்புக்கு அப்பால், யாரோ துணியை உதறும் ஓசை.

விசிலை வாயில் வைத்தாள்.

முதல் ஊதலுக்கு எட்டு விற்களும் உயர்ந்தன.

அவள் நிறுத்தவில்லை.