முதலாளிக்கு ஒரு பக்கம்

“மூணு தடவ ஏத்தியாச்சு, மூணு தடவையும் அழிச்சிட்டான். எவன்பா அவன்?”

பட்டுக்கடை சம்பந்தம் மேசையில் தட்டிய தட்டில் கிரணின் பிரௌசிங் சென்டரே அதிர்ந்தது. ஆரணியில் தண்ணீர்த் தொட்டி முதல் சுடுகாட்டு பெஞ்சு வரை அவர் பெயர் எழுதியாகிவிட்டது. பாக்கி இருந்தது இன்டர்நெட் ஒன்றுதான்.

தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதுகிற தமிழ் இணையக் கலைக்களஞ்சியத்தில் ‘பட்டுச் செம்மல் சம்பந்தம்’ என்று ஒரு பக்கம் வந்துவிட வேண்டும். ஆறு மாதமாக அவருக்குச் சோறு இறங்காத கவலை இது. இறங்காமலே இப்படி என்றால், இறங்கியிருந்தால் நாற்காலி தாங்கியிருக்காது.

“அழிச்சவரு கமண்டலநதிங்க, முதலாளி. அது புனைபேரு. நெஜத்துல நம்மூரு கண்டக்டர் அய்யனாரு. நானூறு கட்டுரைக்கு மேல எழுதியிருக்காரு. பஸ் நிக்காத ஊரக்கூட விட்டு வைக்கல. லீவு நாள்ல நம்ம பக்கத்துத் திருமலை சமணக் கோயிலுக்குப் போயி கல்வெட்ட எல்லாம் பாத்துட்டு வந்து, இங்கதான் உக்காந்து டைப் அடிப்பாரு.”

“வரச் சொல்லு, பேசிக்கலாம்.”

“போன வாரம் தவறிட்டாருங்க.”

சம்பந்தம் ஒரு விநாடி கண்ணை மூடினார். துக்கத்துக்கு அவர் கணக்கில் ஒரு விநாடி தாராளம்.

“அப்ப நாலாவது தடவ அழிக்க ஆளில்லேன்னு சொல்லு.”

“டொரண்டோவுல ஒருத்தர் இருக்காரு, கண்டியில ரெண்டு பேர் இருக்காங்க. அவங்க அழிப்பாங்க. நம்மளப் பத்தி நாமளே எழுதினா செல்லாதுங்க. பேப்பர்ல வந்திருக்கணும்.” கிரண் பெருமூச்சு விட்டான். “அவங்க யாருக்கும் அய்யனாரோட நெஜப் பேருகூடத் தெரியாது. ‘என் பேரு எதுக்குப்பா’ன்னுவாரு. இப்பவாவது ஒரு இரங்கல் கூட்டம் போட்டு, பேப்பர்ல செய்தி வந்தா, அவருக்கு ஒரு பக்கம் போட்டுடலாம்.”

பேப்பர் என்றதும்தான் சம்பந்தத்தின் முகத்தில் துக்கம் உண்மையாகவே பரவியது.

“எப்பேர்ப்பட்ட மனுஷன்! கூட்டத்துக்குத் தலைமை நான்தாம்பா.”

ஞாயிற்றுக்கிழமை காலை, சம்பந்தத்தின் சொந்தக் கல்யாண மண்டபத்தில் கூட்டம். வாசலில் இருபதடி பேனர். உச்சியில் ‘கலைக்களஞ்சியம் கமண்டலநதிக்குக் கண்ணீர் அஞ்சலி’. கீழே, ஆளுயரத்துக்கு இரண்டு மடங்காகக் கைகூப்பி நின்றார் சம்பந்தம். பெயர் முழத்துக்கு ஓர் எழுத்து. அய்யனாரும் இருந்தார். வலது மூலையில், தபால்தலை அளவில், பூச்சரம் பாதி மறைத்தபடி.

“எனக்கும் கமண்டலநதிக்கும் இருந்த நட்பு உங்களுக்கெல்லாம் தெரியாது” என்று ஆரம்பித்தார் தலைவர். உண்மை. அய்யனாருக்கே தெரியாது. அரை மணி நேரம் பேசினார். இருபத்தெட்டு நிமிடம் தன் தறிகளைப் பற்றியும் தர்மங்களைப் பற்றியும். மீதி இரண்டு நிமிடம் சோடா குடித்தார்.

கடைசி வரிசையில் அய்யனாரின் மனைவி தமிழ்ச்செல்வி கையில் ஒரு காகிதத்தோடு உட்கார்ந்திருந்தார். கிரண் மேடையேறிக் காதில் சொன்னான்: “முதலாளி, அக்கா ரெண்டு வார்த்த எழுதிகினு வந்திருக்காங்க.”

“இன்னாப்பா பேஜாரு! நிருபர் கெளம்பிகினு இருக்காரு. ஜல்தி, மைக்க ஆஃப் பண்ணு.”

நிருபர் பிரபாகரனுக்கு அன்று ஊரில் ஏழு கூட்டம். உள்ளேயே வரவில்லை. வாசல் பேனரை ஒரு படம் எடுத்தார். சம்பந்தம் ஓடிப்போய்க் கையில் திணித்த செய்திக் குறிப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டார். குறிப்பு இரண்டு பக்கம். பிறந்த தேதி, கட்டிய மண்டபம், வாங்கிய பட்டம் என்று எல்லாமே ஒரே ஆளுடையது.

செய்தி வந்த பேப்பரைச் சம்பந்தம் பார்ப்பதற்குள் கிரணின் போன் வந்துவிட்டது. “முதலாளி, கலைக்களஞ்சியத்துல உங்களுக்குப் பக்கம் வந்திருச்சிங்க. ஆனா… நேர்ல வாங்களேன்.”

ஒரு கிலோ ஜாங்கிரியோடு போய் இறங்கினார். திரையில் அவர் படம், கைகூப்பியபடி. பக்கத்தில்: ‘சம்பந்தம் (1947 – 2008)’.

“இன்னாடா இது, எனக்கு முடிவு தேதி போட்டிருக்கான்!”

“பேனர்ல பெருசா இருக்கறவருதான் செத்தவருன்னு பேப்பர்ல போட்டுட்டாங்க. அதப் பாத்து டொரண்டோக்காரரு எழுதிட்டாரு. நீங்கதான் கமண்டலநதியாம்.”

“நல்லா கல்லு மாதிரி இருக்கற மனுஷன…”

“கத்தாதீங்க. இதோ, ரெண்டு வரி எழுதிப் போட்டா, ஒரு மணி நேரத்துல சரியாயிடும். உங்க பேரத் தூக்கிட்டு அய்யனாரு பேரப் போட்டுடுவாங்க.”

சம்பந்தம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மிச்சத்தைப் படித்தார். ‘நானூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகள் தந்தவர். தன் பெயரை எங்கும் போட்டுக்கொள்ளாத பெருந்தன்மையாளர்.’ கீழே பதினோரு நாட்டுத் தமிழர்கள் கண்ணீர் வடித்திருந்தார்கள். இன்னொரு முறை படித்தார். திரையில் இருந்த தன் படத்துக்குத் தானே கைகூப்பினார்.

கிரண் கீபோர்டில் கை வைத்தான். சம்பந்தம் சட்டென்று அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“எதுக்குப்பா அவசரம்? நான் செத்தது செத்ததாவே இருக்கட்டும்.”