பந்தில் ஒட்டிய வெள்ளை

டென்னிஸ் மைதானப் புல்லில் பந்து விழுந்த தடம் நிற்பதில்லை. கோட்டின் சுண்ணாம்பைத் தொட்டிருந்தால் மட்டும் அது பந்தோடு ஒட்டிக்கொண்டு வரும்; கோட்டைத் தொட்ட பந்து உள்ளே விழுந்ததாகவே கணக்கு. தமயந்தி அடித்த பந்துக்குக் கோட்டு நடுவர் 'அவுட்' என்று கத்தியதும் அரங்கமே எழுந்து நின்றது. பியூலா கோப்பையை வெல்லத் தேவைப்பட்ட கடைசிப் புள்ளி அதுதான். பின்சுவரில் மோதிக் காலடிக்கு உருண்டு வந்த பந்தை, இடக்கை ஆட்டக்காரியான அவள் வலக்கையால் எடுத்தாள். அதன் ஒரு பக்கம் வெள்ளையாக இருந்தது.

வலைக்கு அப்பால் தமயந்தி அசையாமல் நின்றாள். இருவரும் ஆடிப் பழகிய ஊர் மைதானத்தில் நடுவர் கிடையாது. பந்து யார் பக்கம் விழுந்ததோ, அவள் சொல்வதுதான் தீர்ப்பு.

"அக்கா, எனக்கென்னவோ உள்ள விழுந்த மாதிரி இருந்துச்சு. உங்க பக்கம்தானே, நீங்களே சொல்லுங்க."

பியூலாவின் விரல்கள் பந்தை மூடிக்கொண்டன.

"வெளியதான்டி. அரை விரல் வெளிய."

"நீங்க சொன்னா சரி. கோப்பைய ஒரு தடவ எங்கிட்டயும் குடுங்க, தூக்கிப் பாத்துக்கறேன்" என்று சிரித்தபடி தமயந்தி வலையை நோக்கி வந்தாள்.

பியூலா வியர்த்த கைக்குள் பந்தை உருட்டித் தேய்த்துக்கொண்டே நடந்தாள். வலையருகே வந்ததும் விரல்களைத் திறந்து பார்த்தாள். பந்து சுத்தமாகியிருந்தது. உள்ளங்கை முழுக்க வெள்ளை.

தமயந்தி வாழ்த்துச் சொல்ல வலக்கையை நீட்டினாள்.