சாக்ஸுக்குள் ஒரு கல்

ரோந்து ஜீப் கூடாரத்தைத் தாண்டிப் போகும்வரை வெண்டெல் அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்திருந்தார். ஐம்பத்து மூன்று வயது மனிதர். தொப்பியைச் சரிசெய்வது போல ஒரு பாவனை வேறு.

"திருட்டு முழி முழிக்காத. உன் மூஞ்சியப் பார்த்தாலே பிடிச்சிடுவாங்க," என்றாள் மனைவி நோரீன், அடுப்பிலிருந்து காபியை இறக்கியபடி.

"மெதுவாப் பேசு. பக்கத்துக் கூடாரத்துல ஆளிருக்கு."

அரிசோனாப் பாலைவனத்தின் இந்தக் கல்மரப் பூங்காவில் ஒரு சில்லை எடுத்தாலும் அபராதம். வெளியே போகும்போது வாசலில் வண்டியை நிறுத்திக் கேட்பார்கள். வெண்டெல் கல்லைப் பழைய சாக்ஸுக்குள் திணித்து, முதுகுப்பையின் அடியில் ஒளித்துக்கொண்டு நோரீனோடு நடையைக் கட்டினார்.

வெயில் ஏறுவதற்குள் மேட்டுப் பாதை வந்துவிட்டது. இரண்டு பக்கமும் கல்லாகிப்போன மரங்கள் துண்டு துண்டாகக் கிடந்தன. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, சாக்ஸைப் பிரித்துக் குனிந்தார்.

"சார், கையில என்ன?"

பாறைக்குப் பின்னாலிருந்து வந்தவள் மரிசோல், பூங்காக் காவலர். வெண்டெல் முகத்தில் ஈயாடவில்லை.

"எடுக்கல மேடம். திருப்பி வைக்கிறேன்."

ஆரம்பித்த பிறகு அவரால் நிறுத்த முடியவில்லை. "பத்து வயசுல இங்க கேம்ப் போட வந்தோம். திரும்பறப்ப, கல்லு ஏதாவது எடுத்தீங்களான்னு வாசல்ல கேட்டாங்க. எங்கப்பா என் தோள்ல கையப் போட்டு, 'என் பையன் அப்படிப்பட்டவன் இல்ல'ன்னாரு. கல்லு அப்ப என் டவுசர் பையில."

அன்று ஊர் திரும்பியதும் சாக்ஸில் சுருட்டிப் பரணில் போட்டதோடு சரி. அவமானத்தில் அதைப் பிரித்துப் பார்க்கவே துணிச்சல் வரவில்லை. போன மாதம் அப்பா இறந்து, வீட்டைக் காலி செய்தபோதுதான் வெளியே எடுத்தார். சிவப்பாக மினுங்கிய கல் வெறும் பழுப்பாக இருந்தது. பத்து வயதுக் கண்ணுக்கு எல்லாமே ரத்தினம்தான் என்று நினைத்துக்கொண்டார்.

"அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாப்பத்து மூணு வருஷமா சொல்லலையே..."

வெண்டெல் கல்லை உள்ளங்கையில் உருட்டினார். நோரீன் கிண்டலை மறந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்க வைக்க முடியாது சார்," என்றாள் மரிசோல். "எந்தக் கல்லு எங்க கிடந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? ஆபீசுக்கு வாங்க."

அலுவலகத்துக்குப் பின்னால் இடுப்பளவுக்கு ஒரு கற்குவியல். எடுத்துப் போனவர்கள் மனசு உறுத்தி, மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்பியவை. மரிசோல் அவருடைய கல்லைக் கழுவி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது கல்மரமே இல்ல சார். சாதாரண ஆத்துக் கல்லு."

"என்ன சொல்றீங்க? நானே எடுத்தேங்க, என் கையால!"

"உங்க பேரு?"

"வெண்டெல் டாக்கெட்."

மரிசோல் அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். உள்ளே போய், பழைய கடிதம் ஒன்றை எடுத்து வந்து நீட்டினாள். கையெழுத்தைப் பார்த்ததுமே வெண்டெல்லுக்குத் தெரிந்துவிட்டது. அது அப்பாவுடையது.

'என் மகன் எடுத்த கல்லை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அவன் ஒளித்து வைத்த இடத்தில் எங்கள் ஊர் ஆற்றுக் கல் ஒன்றைப் போட்டுவிட்டேன். நானாக அவனிடம் கேட்கப்போவதில்லை. ஒருநாள் அவனே அதைக் கொண்டுவந்து கொடுப்பான். இப்படிக்கு, லாயிட் டாக்கெட்.'

தேதி, அவர்கள் இங்கிருந்து ஊர் திரும்பிய அதே வாரம்.

வெண்டெல் கூனிக் குறுகி நின்றார். நிமிர்ந்து நோரீனைப் பார்க்கக்கூட முடியவில்லை.

"பழைய கடுதாசி... இன்னும் எப்படி ஞாபகம் வெச்சிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"மறக்க விட்டாத்தானே சார்? போன வருஷம் வரைக்கும் போன் பண்ணிக் கேட்டாரு, 'என் பையன் வந்தானா?'ன்னு."